அரை மணி நேரம் முன்னால் போன மா பியூ

இதை நான் யாரிடமும் சொல்வது என் தோழி நூர்ஜஹானுக்குப் பிடிக்காது. "கேக்குறவங்க சிரிப்பாங்க, இல்லாட்டி பயப்படுவாங்க, ரெண்டும் நமக்கு எதுக்குடி" என்பாள். நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இந்த ஊரில் ஆலமரத்துக்கு ஒரு நாட் தேவதை, ஆற்றுக்கு ஒரு நாட் தேவதை என்று கும்பிட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறவர்கள் நடுவில்தான் வளர்ந்தேன். ரங்கூனில் தின்கன்ஜூன் பக்கம் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை, இரவில் ஜெபமாலை, அதோடு சரி. பேய்க் கதை யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற ரகம். என் அம்மாவிடம் கேட்டால், "அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது, பிடிவாதம் மட்டுந்தான் தெரியும்" என்பாள்.

என் வேலையையும் முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நீங்கள் கேட்கப்போகிற கேள்விக்கு அதுதான் பதில். போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ரேடியோவில் பேசுவது என் வேலை, பதினோரு வருஷமாக. ஆற்றில் வருகிற கப்பல்களோடு பேச வேண்டும், படகுக்காரர்களோடு பேச வேண்டும், இரைச்சலுக்கு நடுவில் யார் பேசுகிறார், குடித்திருக்கிறாரா, பயந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். பேசுவதையெல்லாம் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள், தகராறு வந்தால் போட்டுக் காட்டுவார்கள். ஆகவே ரேடியோவில் என் குரல் எப்படி இருக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நம்மில் பலருக்குத் தங்கள் குரலைக் கேட்டால் அடையாளம் தெரியாது. எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அந்த வேலையில் இருந்துகொண்டுதான் விமானம் ஓட்டப் படித்தேன். வேலைக்கு இல்லை, சும்மா, ஆசைக்கு. சிலர் பாட்டுப் படிப்பதில்லையா, அது மாதிரி. மூன்று வருஷம் கிடைத்த விடுமுறையையெல்லாம் தாய்லாந்தில் ஒரு சின்ன விமானப் பள்ளியில் கழித்து உரிமம் வாங்கினேன். வீட்டில் ஒரே சண்டை. கல்யாணத்துக்குப் பார்த்த இரண்டு இடமும் இதைக் கேட்டு ஓடிப்போனது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பள்ளியில் படிந்த பழக்கம் ஒன்று இந்தக் கதைக்கு முக்கியம். விமானிகள் உலகத்தில் எங்கே பறந்தாலும் காகிதத்தில் உள்ளூர் நேரத்தை எழுதக்கூடாது, எல்லோருக்கும் பொதுவான கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டும். தாய்லாந்தில் கடிகாரத்தைப் பார்த்து ஏழு மணி நேரத்தைக் கழித்து எழுதுவோம். பர்மாவின் கடிகாரம் அதைவிட அரை மணி பின்தங்கியது, ஆகவே இங்கே ஆறரைதான் கழிக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலானவர்கள் முழு மணிக் கணக்கில் இருக்கும்போது நமக்கு ஏன் இந்த அரை என்று கேலி செய்வேன். தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்பு, ரங்கூனுக்கு வடக்கே, யுத்த காலத்தில் போட்டுவிட்டுப்போன ஒரு பழைய ஓடுதளத்தில் ஒரு சின்னப் பறக்கும் மன்றம் இருந்தது. இப்போது இல்லை. மொத்தம் இரண்டு விமானம், தகரக் கொட்டகை ஒன்று, மூங்கில் தட்டி வைத்த அலுவலகம் ஒன்று. ஓடுதளத்தில் மாடு மேயும். இறங்குவதற்கு முன்னால் ஒரு முறை தாழப் பறந்து மாட்டை விரட்ட வேண்டும். அலுவலகத்தில் ஊ மியா என்ற பெரியவர் உட்கார்ந்திருப்பார். நாம் எழுதிக் கொடுக்கிற பயணத் திட்டத்தைப் போகிற இடத்துக்குத் அப்படியே தொலைபேசியில் வாசித்துச் சொல்வதும், பிறகு தேநீர் குடிப்பதும் அவருடைய வேலை. விமானங்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் கோ ஸோ. என் வயதுதான் இருக்கும், என்னை "ஸயாமா" என்று, டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகக் கூப்பிடுவார். நான் ஓட்டுகிற வெள்ளை விமானத்துக்கு அவர்தான் மா பியூ என்று பெயர் வைத்தார், வெள்ளையம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் காரை நாட் கோயிலுக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டி வணங்க வைப்பார்களே, அதே மாதிரி மா பியூவையும் ஓடுதளத்தின் ஓரத்து ஆலமரத்தைப் பார்த்து மூன்று முறை முன்னும் பின்னும் தள்ளுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் பாட்டுக்குத் தள்ளுவார்.

நூர்ஜஹான் என் பள்ளித் தோழி. அவள் வீட்டார் மூன்று தலைமுறையாகப் போட்டாதாங்கில் கப்பல் கயிறும் பெயின்டும் விற்கிறவர்கள். என் அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்தால் அவள் கடை தெரியும். உரிமம் கையில் வந்த நாளிலிருந்து முதல் பயணி அவள்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவள் முடிவு செய்யவில்லை. பஸ்ஸில் பகோ போனாலே வாந்தி எடுப்பவள். ஐந்து மாதம் நச்சரித்தேன். கடைசியில் அவளுடைய ஆறு வயது மகள்தான், "உம்மா, மேலேருந்து எனக்குக் கை காட்டுவியா" என்று கேட்டுக் கவிழ்த்துவிட்டாள். மாமியாரிடம் ஸ்டெல்லாவோடு, அதாவது என்னோடு, வெளியே போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாயை, என்னை நம்பி வந்தவளை, மேலே ஏற்றினேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொண்டேனா என்பது வேறு விஷயம்.

டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மேகமே இல்லாத பகல். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். பகோ ஊரை இருபது நிமிஷத்தில் தாண்டி, நாற்பதாவது நிமிஷம் சிட்டாங் ஆறு, ஐம்பதாவது நிமிஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்னத் தளத்தில் இறங்குவது. அங்கே காவல்காரர் ஒருவரும் ரேடியோ ஒன்றும் உண்டு. தேநீர் குடித்துவிட்டு வெயில் சாய்வதற்குள் திரும்ப வேண்டும். அலுவலகத்தில் நின்றபடியே காகிதத்தை நிரப்பினேன். பக்கத்தில் நூர்ஜஹான், "எனக்கு வயித்தக் கலக்குது, நான் இங்கயே உக்காந்துக்குறேன், நீ போயிட்டு வா" என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் ஓடிவிடுவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்கிற அவசரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஊ மியாவிடம் நீட்டினேன். அவர் வாங்கித் தொலைபேசியில் வாசிக்கும்போது நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

பயணிக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரு பட்டியல் உண்டு. கதவு எப்படித் திறக்கும், நெருப்பணைப்பான் எங்கே, விமானிக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அதையெல்லாம் சொன்னால் இவள் இறங்கி ஓடிவிடுவாள். ஆகவே பெல்ட்டை மாட்டிவிட்டு, அவள் பக்கத்தில் காற்று வருகிற சின்னத் துவாரத்தை முழுவதும் திறந்து, மூக்கை அதில் வைத்துக்கொள் என்றேன். "பேசணும்னா சும்மா பேசு, காதுல மாட்டியிருக்கிறது வழியா எனக்குக் கேக்கும். கைய மடியில வெச்சுக்க. எதையும் தொடாத." அவ்வளவுதான் சொன்னேன். அவள் கலிமா சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். என் பக்கத்துத் துவாரம் காற்றில் விசிலடித்துப் பேச்சைக் கெடுத்ததால் அதை நான் மூடிவிட்டேன். சரியாக இரண்டு மணிக்கு மா பியூ தரையை விட்டது.

முதல் பத்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பத்து நிமிஷம், அதைச் சொல்லாமல் விட முடியாது. அறுப்பு முடிந்த வயல்கள், வாய்க்கால்கள், தூரத்தில் ரங்கூன் பக்கம் புகைமூட்டத்துக்கு நடுவில் தங்கமாக ஒரு புள்ளி, பெரிய பகோடாவின் உச்சி. நூர்ஜஹான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், பிறகு இரண்டாவது கண்ணையும் திறந்தாள். "அமலே!" என்று பர்மாக்காரர்கள் மாதிரி வியந்து, "எங்க வீட்டுப் பக்கம் எதுடி?" என்று கேட்டு, நான் அவள் வீடு இருக்கிற தாகேதாப் பக்கத்தைக் காட்டியதும் மகளுக்கு நிஜமாகவே கையசைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லேசாகத் தலைவலி இருந்தது, ஆனால் போன இரண்டு ஞாயிறும் தனியாகப் பறந்தபோதும் இருந்தது, வெயில் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பத்துக்கு ரேடியோவில் ஒரு பெண் குரல் வந்தது. எங்கள் விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லி, சிட்டாங் ஆற்றின் மேல் இருக்கிறேன், இரண்டாயிரத்து ஐந்நூறு அடி, விமானத்தில் இரண்டு பேர், பத்து நிமிஷத்தில் உங்கள் தளம் என்று சொன்னது. அது என் குரல்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். யாரோ நம் பெயரைத் தவறாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன், படகுகளில் இது தினமும் நடக்கும். ஆனால் அன்று அந்தப் பக்கத்தில் பறப்பது எங்கள் விமானம் ஒன்றுதான். மன்றத்தின் இன்னொரு விமானம் சக்கரம் கழற்றிக் கொட்டகையில் கிடந்தது. அதோடு, எண்ணைச் சொல்லும்போது நடுவில் சின்னதாக மூச்சு இழுக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, பதிவைப் போட்டுக் காட்டி மேலதிகாரி பல முறை திட்டியிருக்கிறார். அந்தக் குரல் இரண்டாயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் நடுவில் மூச்சு இழுத்தது.

நூர்ஜஹான் என் பக்கம் திரும்பி, "இப்பத்தான் வாயே தொறக்கல நீ, அப்பறம் எப்படிடி பேசுன?" என்று கேட்டாள். ஏதோ பழைய பதிவு என்று சொல்லிச் சமாளித்தேன். அவளைச் சமாளித்துவிட்டேன், என்னைச் சமாளிக்க முடியவில்லை. இருந்தாலும் திரும்பத் தோன்றவில்லை. ஐந்து மாதம் கெஞ்சிக் கூட்டிவந்துவிட்டு ஒரு குரலுக்குப் பயந்து திரும்புவதா, அதுவும் நானா? மா பியூவின் மூக்கை நேராக வைத்துக்கொண்டு பகோவைப் பார்த்துப் போனேன்.

இரண்டு பதினான்குக்கு மறுபடியும் வந்தது. இந்த முறை வார்த்தை வார்த்தையாக, இடையில் நீளநீளமாக இடைவெளி விட்டு. தளத்தைக் கூப்பிட்டது. தளத்தின் பெயரை இரண்டு முறை சொன்னது, மூன்றாவது முறை பாதியில் விட்டது. பிறகு அழைப்புப் பெயருக்குப் பதிலாக, எங்கள் அலுவலகத்தில் கப்பல்களிடம் சொல்கிற வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்து நின்றது. பதினோரு வருஷம் குரல்களைக் கேட்டவள் நான். குடித்த குரல், பயந்த குரல், அழுகிற குரல் எல்லாம் தெரியும். இது தூங்கிப்போகிறவளின் குரல், தான் தூங்குவது தனக்கே தெரியாதவளின் குரல்.

பிறகு மூன்று நிமிஷம் ஒன்றுமில்லை. எஞ்சின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு முள்ளும் நகரவில்லை. பகோவின் பெரிய பகோடா எதிரே தெரிந்தது. நூர்ஜஹான் மூக்கைத் துவாரத்தில் வைத்தபடி, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. அதை நான் பார்த்தேன், சத்தியம் பண்ணிச் சொல்வேன். அப்போதுதான் ரேடியோவில் அவள் குரல் வந்தது. தமிழில்.

"ஸ்டெல்லா, எந்திரிடி. ஸ்டெல்லா, கண்ணத் தொற. யாராச்சும் கேக்குறீங்களா? இவ எந்திரிக்க மாட்டேங்குறா. யா அல்லாஹ், யாராச்சும் கேக்குறீங்களா..."

அந்த அலைவரிசையில் தமிழ் பேச ஆளே கிடையாது. பர்மிய மொழியும் ஆங்கிலமும்தான். என் பக்கத்தில் இருந்த நூர்ஜஹான் காதில் மாட்டியிருந்ததை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவள் முகத்தில் ரத்தமே இல்லை. குரல் பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்.

இப்போது யோசித்தால், பயப்பட நேரமே இல்லாததுதான் எங்களைக் காப்பாற்றியது. என் தலைவலியும் அந்தத் தூங்குமூஞ்சிக் குரலும் மனதில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: எஞ்சின் புகையில் இருக்கிற விஷவாயு உள்ளே கசிந்தால் வாசனை தெரியாது, தலை வலிக்கும், பிறகு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும், பிறகு தூங்கிவிடுவோம். நமக்கு ஆகிறது என்று நமக்குத் தெரியாது, வெளியே இருந்து கேட்கிறவர்களுக்குத்தான் பேச்சில் தெரியும். நான் வெளியே இருந்து கேட்டுவிட்டேன்.

என் பக்கத்து ஜன்னலை முழுவதும் திறந்தேன், மூடியிருந்த துவாரத்தைத் திறந்தேன், மா பியூவை வந்த வழிக்கே திருப்பினேன். காற்று காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. நூர்ஜஹானிடம் கத்தினேன்: "நான் பேசிக்கிட்டே வருவேன். பேச்சு நின்னா, இல்ல கொழறுனா, அறை. யோசிக்காத, பளார்னு அறை." அவள் ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்த ஜெபத்தையெல்லாம் சத்தமாகச் சொன்னேன், அருள் நிறைந்த மரியேயில் ஆரம்பித்து ஆறாம் வகுப்பு வாய்ப்பாடுவரை. எட்டாம் வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேனாம், எனக்கு நினைவில்லை. கன்னத்தில் பளீரென்று விழுந்தது. "ஏழெட்டு அம்பத்தாறுடி, சொல்லு!" என்று அவள் அழுதுகொண்டே கத்தினாள். சொன்னேன். மொத்தம் நான்கு அறை, பள்ளிக்கூடக் கணக்கையெல்லாம் சேர்த்துத் தீர்த்துவிட்டாள் என்று பின்னால் சொல்லிச் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஓடுதளம் தெரிந்ததும் ஒரு சுகமான மெத்தனம் வந்தது, அதுதான் ஆபத்து. முதல் முறை இறங்கப்போனபோது ரொம்ப உயரத்தில் வந்துவிட்டேன், வேகம் குறைக்க இறக்கையின் பின்பக்கத் தகடுகளை இறக்க மறந்திருக்கிறேன். எப்படியாவது தரையில் வைத்துவிடு, போதும் என்று உடம்பு கெஞ்சியது. முடியாது, இவளைத் தவறாக இறக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, மறுபடி எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றினேன். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாத குறைதான். இரண்டாவது முறை ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, பெயரைச் சத்தமாகச் சொல்லி, நூர்ஜஹானையும் திருப்பிச் சொல்ல வைத்து இறக்கினேன். மூன்று முறை குதித்து நின்றது. என் வாழ்நாளில் நான் செய்த மட்டமான இறக்கம், நான் ரொம்பப் பெருமைப்படுகிற இறக்கமும் அதுதான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற நூர்ஜஹான் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோ ஸோ எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, சுற்றிலும் கரி. எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், என் பக்கம், ஒரு அடைப்பான் விழுந்து துவாரமாக இருந்தது. "ஸயாமா, இன்னும் அரை மணி பறந்திருந்தால்..." என்று பர்மிய மொழியில் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து ஊ மியா செருப்பில்லாமல் ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சிட்டாங்குக்கு அந்தப் பக்கத்துக் காவல்காரர் இப்போதுதான் தொலைபேசி செய்தாராம். உங்கள் விமானம் இரண்டு பத்துக்கு ஆற்றின் மேல் இருப்பதாகச் சொன்னது, பிறகு அந்தப் பெண் குளறினாள், பிறகு புரியாத மொழியில் வேறொரு பெண் அழுதாள், அதற்குப் பிறகு சத்தமில்லை, விமானம் வந்து சேரவில்லை, வயலில் விழுந்ததா என்று பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றாராம். அந்தக் காவல்காரர் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்திருந்த திட்டத்தோடு நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தாராம், ஒரு நிமிஷம் பிசகாமல் இருந்ததாம்.

எந்தத் திட்டம் என்று கேட்டேன். நாங்கள் இரண்டு மணிக்குக் கிளம்பினோம், இரண்டு பத்துக்கு நாங்கள் எப்படி ஆற்றின் மேல் இருக்க முடியும்? ஊ மியா கையில் வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். என் கையெழுத்துதான். புறப்படும் நேரம், கிரீன்விச் ஏழு மணி என்று எழுதியிருந்தேன். இரண்டு மணியிலிருந்து ஆறரையைக் கழிக்காமல், தாய்லாந்துப் பழக்கத்தில் ஏழைக் கழித்திருக்கிறேன். ரங்கூன் கடிகாரத்தில் அது ஒன்றரை மணி. ஆக, நான் எழுதிக் கொடுத்த விமானம் எழுதியபடி ஒன்றரைக்குக் கிளம்பிப்போய்விட்டது. நாங்கள் அதற்கு அரை மணி பின்னால் போயிருக்கிறோம்.

நாங்கள் திரும்பிவிட்டோம் என்று சொல்லியும், தன் காதால் கேட்ட காவல்காரர் நம்பாமல் இரண்டு நாள் ஆள் விட்டுத் தேடினார். ஆற்றிலும் வயலிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், மா பியூ ஆலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாளே.

என் தாய்லாந்து ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். புகை தலைக்கேறினால் என்னென்னவோ கேட்கும் என்றார். நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் அப்படியே வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் நூர்ஜஹான் வழி முழுக்க நல்ல காற்றில் மூக்கை வைத்திருந்தவள், அவளுக்கு ஒரு தலைவலிகூட இல்லை, அவளும் கேட்டாள். அறுபது மைலுக்கு அப்பால் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரருக்கு யார் புகை போட்டார்கள்?

நான் பறப்பதை விடவில்லை. விடு என்று சொல்லாதவர்கள் இல்லை, அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. குழாயை மாற்றி, தகட்டை அடைத்து, புகை கசிந்தால் நிறம் மாறுகிற ஒரு அட்டையைக் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டு நான்காவது வாரம் மறுபடி ஏறினேன். நூர்ஜஹானும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "எம் மகளுக்கு சரியாக் கை காட்டல, பாதியில திருப்பிட்டே" என்றாள். கோ ஸோ மா பியூவை ஆலமரத்தைப் பார்த்து மூன்று முறை தள்ளியபோது நான் இறங்கிப்போய்க் கூடச் சேர்ந்து தள்ளினேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், தள்ளினால் என்ன குறைந்துவிடப்போகிறது என்றுதான்.

மன்றம் மூடியபின் இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை தாய்லாந்து போய்ப் பறந்துவிட்டு வருகிறேன். திட்டத்தில் நேரத்தை எழுதும்போது மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்க்கிறேன். குரல்களைக்கூட ஒரு வழியாக மனதில் ஓரம் கட்டிவிட்டேன். ஓரம் கட்ட முடியாதது ஒன்றே ஒன்று. அது அந்த நான்காவது வாரம், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் நூர்ஜஹான் கேட்ட கேள்வி.

"அது சரி, ஒனக்கு ஏதாச்சும் ஆனா, நான் வெளிய உள்ளவங்கள்ட்ட பேசணும்னா எத அமுக்கணும்?"

பயணியின் பக்கத்தில் இருக்கிற இன்னொரு ஓட்டும் கைப்பிடியில், முன்னால் இருந்து பார்த்தால் தெரியாதபடி பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கிக்கொண்டு பேசினால்தான் வெளியே போகும். யாராவது காட்டாமல் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பயணியிடம் சொல்ல வேண்டிய பட்டியலில் அதுவும் ஒன்று. அவள் ஓடிவிடுவாளோ என்று அன்று நான் சொல்லாமல் விட்டது அந்தப் பட்டியலைத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் இருந்த நூர்ஜஹானுக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது.

ஆனால் ரேடியோவில் அழுத நூர்ஜஹானுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு யாரோ பொறுமையாக, ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். குறித்த நேரத்துக்குக் கிளம்பி, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, எதையும் மறக்காமல் பறந்த அந்த ஸ்டெல்லாதான் வீடு திரும்பவில்லை.